மலைமேல் ஒரு மணி நேரம்

ஓசூரில் நைட் ஷிஃப்ட் விடும் நேரத்தில் சிப்காட் சாலைகளில் கம்பெனி பஸ்கள் வரிசை கட்டிக் கிளம்பும். மார்கழியிலும் தையிலும் அந்த நேரத்துக்குப் பனி விலகியிருக்காது. ஸ்வெட்டர் போட்டவர்கள், மப்ளர் சுற்றியவர்கள், அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்ற மறந்தவர்கள் எல்லாரும் டீக்கடை முன் கூடுவார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடத்தோடு இந்தியும் ஒடியாவும் அசாமியும் அங்கே காதில் விழும். டீ குடித்து முடித்ததும் சிலர் மட்டும் வீட்டுக்குப் போகாமல் பைக்கைச் சந்திரசூடேஸ்வரர் மலைப் பக்கம் திருப்புவார்கள்.

ஓசூர்க்காரர்களுக்கு அது வெறுமனே ‘மலைக்கோயில்’. சிவபெருமான் உடும்பாக வந்த இடம் என்கிறது தலபுராணம். மாசி, பங்குனிப் பருவத்தில் நடக்கும் தேரோட்டத்துக்குக் கர்நாடகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் ஜனங்கள் வந்து சேருவார்கள். மற்ற நாட்களில் வருகிறவர்களின் வழக்கம் அநேகமாக ஒன்றுதான். வண்டியை மேலே வரைக்கும் ஓட்டிப்போய் நிறுத்துவது, செருப்பைக் கழற்றுவது, சுவாமியையும் மரகதாம்பாளையும் கும்பிடுவது, விபூதி வாங்கிக்கொண்டு இறங்குவது. கேட்பதற்கு ஒரு பட்டியல் இருக்கும். வேலை பர்மனென்ட் ஆக வேண்டும், வீட்டுக்கடன் அடைய வேண்டும், தங்கைக்கு வரன் அமைய வேண்டும். கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை பார்த்துவிட்டுத் தூக்கத்தைத் தள்ளிப்போட்டு மலையேறுகிறவரின் பக்தியை எடைபோட யாருக்கும் உரிமை கிடையாது. ஆனால் ஒன்றைக் கேட்கலாம். மலையில் எதற்காகக் கோயில் கட்டினார்கள்? விண்ணப்பம் கொடுப்பதற்குத்தான் என்றால் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே கட்டியிருக்கலாம். ஏறுவது, சுற்றுவது, மூச்சு வாங்க உட்காருவது, உட்கார்ந்த இடத்திலிருந்து தான் வாழும் ஊரைச் சின்னதாகப் பார்ப்பது ஆகியவையும் வழிபாட்டில் சேர்த்தி என்று நினைத்தவர்கள்தான் மலையைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். அந்தப் பங்கை அவசரத்தில் நழுவவிட்டிருக்கிறோம். அதை இன்னும் நழுவவிடாமல் வைத்திருக்கும் ஒரு மலைக்கோயில், எல்லைக்கு அந்தப்பக்கம், ஒரே நாளில் போய்ச் சேரும் தூரத்தில் இருக்கிறது.

கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில், கொள்ளேகாலுக்குத் தெற்கே மலைக்காடுகளின் விளிம்பில் இருக்கிறது ஒடேயர்பாளையா. ஓசூரிலிருந்து ஆனேக்கல், கனகபுரா, மளவள்ளி, கொள்ளேகால் வழியாகப் போகலாம். சத்தியமங்கலத்துக்காரர்கள் திம்பம் மலைப்பாதை ஏறி, ஆசனூர், கேர்மாளம் தாண்டிப் போவார்கள். காட்டுப்பாதை முடிந்து சோளக்காடுகள் தொடங்கும் இடத்தில் மரங்களுக்கு நடுவே ஐந்து நிறத் துணிக்கொடிகள் கயிறு கயிறாக ஆடிக்கொண்டிருக்கும். அதுதான் தோண்டென்லிங், 1974-இல் உருவான திபெத்திய அகதிகள் குடியிருப்பு. குளிர்காலத்தில் தமிழ்நாட்டு நகரங்களின் சாலையோரங்களில் ஸ்வெட்டர் விற்க வரும் திபெத்தியர்களைத் தெரியாதவர் இல்லை. அவர்களில் பலருக்கு வீடு இப்படிப்பட்ட தென்னிந்தியக் குடியிருப்புகளில்தான்.

அந்தக் குடியிருப்பில் நிற்கிறது ஜோக்சென் மடம். திபெத்தின் கிழக்கே காம் நாட்டில் 17-ஆம் நூற்றாண்டில் தோன்றிய மடம் இது. திபெத்திய பௌத்தத்தின் மிகப் பழைய பிரிவான நிங்மாவின் ஆறு தாய் மடங்களில் ஒன்று. நாடு போனதும் மடமும் போனது. 1980-களில் இந்தக் கர்நாடக மலையில் அதை மறுபடி எழுப்பத் தொடங்கினார்கள். 1992-இல் தலாய் லாமா வந்து திறந்துவைத்தார்.

வார விடுமுறைக்கு வரும் பெங்களூர்க்காரர்களும் ஓசூர்க்காரர்களும் இங்கே முதலில் செய்வது, பெரிய வாசலுக்கு முன்னால் நின்று படம் பிடிப்பது. பிறகு உள்ளே போய் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, திபெத்திய மோமோ எங்கே கிடைக்கும் என்று விசாரிப்பார்கள். அதற்கெல்லாம் முன்னால், வாசலில் ஓர் ஓரமாக உட்கார்ந்து குடியிருப்பின் முதியவர்கள் என்ன செய்கிறார்கள் என்று அரை மணி நேரம் கவனிக்கலாம். கற்றுக்கொள்ள வேண்டியது அங்கேதான் இருக்கிறது.

அவர்கள் முதலில் சுற்றுகிறார்கள். கோரா என்பது அதற்குத் திபெத்தியப் பெயர். நம்மைப் போலவே வலமாகத்தான் சுற்றுகிறார்கள். மூன்று சுற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று கட்டாயம் எதுவும் கிடையாது. வயதான பாட்டிமார் காலையில் ஒரு தடவையும் வெயில் தாழ ஒரு தடவையுமாக, கதை பேசிக்கொண்டும் பேசாமலும் சுற்றுவார்கள். திருவண்ணாமலை கிரிவலம் தெரிந்தவருக்கு இதை விளக்கவே வேண்டாம். வித்தியாசம் என்னவென்றால், அங்கே பௌர்ணமிக்கு நடப்பது இங்கே தினப்படி நடக்கிறது.

சுற்றும்போது கையில் மணி உருளை சுழல்கிறது. உள்ளே ‘ஓம் மணி பத்மே ஹூம்’ என்ற மந்திரம் ஆயிரக்கணக்கான தடவை அச்சிட்ட காகிதச் சுருள் இருக்கும். உருளை ஒரு சுற்றுச் சுற்றினால் உள்ளே இருக்கும் அத்தனை மந்திரமும் ஒரு தடவை ஓதியதாகக் கணக்கு. அந்த மந்திரத்தில் வரும் மணியும் பத்மமும் தமிழரின் மணியும் தாமரையும்தான். இதே கணக்கு கொடிக்கும் பொருந்தும். நீலம், வெள்ளை, சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று வரிசை மாறாமல் கட்டிய துணிகளில் மந்திரம் அச்சிட்டிருக்கும். காற்று அதைத் தொட்டுவிட்டுப் போகும் திசையெல்லாம் வாழ்த்து போய்ச் சேரும் என்பது நம்பிக்கை. வெயிலில் நிறம் வெளுத்து, நூல் பிரிந்து கிழிந்தாலும் அதைப் பழுது என்று நினைப்பதில்லை. வேண்டுதல் போய்ச் சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வார்கள்.

அடுத்தது வணங்குவது. கூப்பிய கையை உச்சந்தலையிலும் தொண்டையிலும் நெஞ்சிலும் வைத்தெடுத்து, உடல், வாக்கு, மனம் மூன்றையும் சேர்த்து, பிறகு நெடுஞ்சாண்கிடையாக விழுவார்கள். எழுவார்கள். மறுபடி விழுவார்கள். நிங்மா பிரிவில் ஆழமான தியானப் பயிற்சிக்குள் நுழைய விரும்புகிறவர் இதை 1,00,000 தடவை செய்து முடிக்க வேண்டும் என்பது முறை. பலகை தேய்ந்து வழவழப்பாகும் அளவுக்கு விழுந்தெழுவார்கள்.

எண்ணிக்கை என்றதும் ஓசூர்க்காரருக்கு ஒன்று நினைவுக்கு வரும்: லைனில் எழுதிப்போடும் டார்கெட். ஒரு ஷிஃப்டில் இத்தனை பீஸ் போக வேண்டும். ஒரே ஸ்க்ரூவை ஒரே கோணத்தில் ஒரே விசையில் முறுக்கிய கை, வீட்டுக்குப் போய்ச் சோற்றைப் பிசையும்போதும் அதே அசைவைத் தேடும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் வாட்ச், மோட்டார் சைக்கிள், லாரி, எலக்ட்ரிக் ஸ்கூட்டர், செல்போன் பாகம் என்று எதைச் செய்தாலும் அடிப்படையில் வேலை திரும்பச் செய்தல்தான். அப்படியிருக்க, வேலையிலும் திரும்பச் செய்து, கோயிலிலும் திரும்பச் செய்வதா என்று ஒருவர் சலித்துக்கொண்டால் நியாயம்தான்.

ஆனால் ஜோக்சென் மடத்துப் பாட்டியின் எண்ணிக்கைக்கும் லைன் எண்ணிக்கைக்கும் இடையே இரண்டு வேறுபாடுகள் இருக்கின்றன. பாட்டியின் கணக்கை யாரும் சரிபார்ப்பதில்லை. நேற்றைக்கு 500, இன்றைக்கு 300 என்றால் கேட்க சூப்பர்வைசர் இல்லை. இரண்டாவது வேறுபாடு இன்னும் பெரியது. எல்லா வழிபாட்டின் முடிவிலும் அவர்கள் ஒன்றைச் சொல்லி முடிக்கிறார்கள்: இதில் விளைந்த புண்ணியம் எனக்கு வேண்டாம், எல்லா உயிருக்கும் போகட்டும். அன்றைக்கு உற்பத்தியானதை அன்றைக்கே கையை விட்டு அனுப்பிவிட்டு, எடுத்துப்போக ஒன்றுமில்லாமல் வீட்டுக்குப் போகிறார்கள். சம்பளம், இன்சென்டிவ், ஓ.டி. என்ற கணக்கிலேயே வாரம் முழுக்கக் கழிக்கிறவருக்கு, கணக்கு வைத்து அந்தக் கணக்கையே தானமாகக் கொடுத்துவிடும் இந்தப் பழக்கம் விநோதமாகத் தோன்றலாம். அதில் ஒரு விடுதலையும் இருக்கிறது. அன்றைக்கு ஒரு நாளாவது தன் கை செய்தது தனக்காகவும் இல்லை, முதலாளிக்காகவும் இல்லை.

சன்னிதியில் ஏழு கிண்ணங்களில் தண்ணீர் வைக்கும் வழக்கமும் இப்படித்தான். விடிந்ததும் வரிசையாக நிரப்புவார்கள். சாயங்காலம் கொட்டிவிட்டுக் கவிழ்த்துவைப்பார்கள். பொன்னோ பூவோ வைக்காமல் தண்ணீரை வைப்பதற்கு அவர்கள் சொல்லும் காரணம் எளிமையானது. தண்ணீரைக் கொடுக்க யாருக்கும் மனம் கூசாது, கொடுத்துவிட்டோமே என்ற கர்வமும் வராது. விளக்குக்குத் திபெத்தில் யாக்கு மாட்டின் வெண்ணெய். இங்கே அது கிடைக்காததால் பல மடங்களில் வனஸ்பதி எரிகிறது. அகதி வாழ்க்கையில் வழிபாடு எதை விட்டுக்கொடுக்கும், எதை விட்டுக்கொடுக்காது என்பதற்கு அந்த டால்டா விளக்கே போதுமான சாட்சி.

இதெல்லாம் திபெத்தியர் சமாச்சாரம், நமக்கென்ன என்று கேட்பவர்கள் இன்னொரு எல்லையையும் பார்க்க வேண்டும். கிருஷ்ணகிரியிலிருந்து குப்பம் வழியாக வடக்கே போனால் கோலார் தங்கவயல். பூமிக்குள் 3 கிலோமீட்டருக்கும் கீழே போன சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் தலைமுறை தலைமுறையாக இறங்கியவர்களில் பெரும்பாலோர் தமிழர். 1898-இல் கர்னல் ஆல்காட்டின் உதவியோடு இலங்கைக்குப் போய்ப் பௌத்தம் தழுவித் திரும்பிய அயோத்திதாச பண்டிதர், சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். அதன் கிளைகள் வலுவாக வேர்விட்ட இடங்களில் முக்கியமானவை தங்கவயலின் மாரிக்குப்பமும் சாம்பியன் ரீஃபும். 1907-இல் அவர் ஆரம்பித்த ‘தமிழன்’ இதழ், 1914-இல் அவர் மறைந்த பல ஆண்டுகளுக்குப் பிறகு, ஜி. அப்பாதுரையார் கையில் தங்கவயலிலிருந்தே மறுபடி வெளிவந்தது. பண்டிதருடைய எழுத்துகளை நூலாக்கிக் காப்பாற்றியதும் சாம்பியன் ரீஃபின் சித்தார்த்தா புத்தகசாலைதான்.

அந்தச் சுரங்கத் தொழிலாளிகளின் வழிபாடு எப்படிப்பட்டது? கூடினார்கள், பஞ்சசீலம் சொன்னார்கள், சொற்பொழிவு கேட்டார்கள், வாதம் செய்தார்கள், படித்தார்கள். சாதியின் பெயரால் கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு, உட்கார்ந்து யோசிக்க ஓர் இடம் கிடைத்ததே பெரிய அருளாக இருந்தது. தீபாவளிக்கும் கார்த்திகைக்கும் பண்டிதர் எழுதிய பௌத்த விளக்கங்களை இன்றைக்கு எல்லாரும் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் தினம் கும்பிடும் ஒன்றைப் பற்றி, இது ஏன் இப்படி என்று நின்று கேட்பதையே வழிபாட்டின் பகுதியாக்கினார் அவர். ஷிஃப்ட் முறையில் உழைத்த தமிழர்கள், நூறு வருஷத்துக்கு முன்னால், இதே எல்லைப் பகுதியில், சிந்திப்பதைப் பிரார்த்தனையாகச் செய்திருக்கிறார்கள். 2001-இல் சுரங்கம் மூடப்பட்டது. அந்த மரபை ஓசூர் தன் மரபாக இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை.

சேலம் மாவட்டத்தின் கதை வேறு விதமானது. ஆத்தூர் வட்டாரத்துத் தியாகனூரில் தியானத்தில் அமர்ந்த பெரிய புத்தர் சிலைகள் இருக்கின்றன. ஊர்க்காரர்கள் அவரைத் தங்கள் சாமியாகவே பாவித்து, தியான மண்டபமும் எழுப்பினார்கள். சேலம் பெரியேரியின் தலைவெட்டி முனியப்பன் வழக்கில், உள்ளே இருப்பது புத்தர் சிலை என்ற முடிவுக்கு 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் வந்தது. இடத்தைத் தொல்லியல் துறை எடுத்துக்கொள்ள வேண்டும், மக்கள் வந்து பார்க்கலாம், பூசை கூடாது என்று உத்தரவிட்டது. சரித்திர ரீதியில் அந்தத் தீர்ப்பு சரியானது. ஆனாலும் அங்கே வேண்டிக்கொண்டு வந்த குடும்பங்களுக்கு, இனி அந்தச் சிலைக்கு முன்னால் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுக்க யாரும் முன்வரவில்லை. பூசை கூடாது என்பதோடு முடிந்துவிடுகிறது சட்டத்தின் வேலை. விளக்கு ஏற்றலாமா, கண்மூடி உட்காரலாமா, சுற்றி வரலாமா என்பதெல்லாம் பண்பாட்டின் வேலை. அதைச் செய்யப் பௌத்த அமைப்புகளும் எழுத்தாளர்களும் பல்கலைக்கழகங்களும் இருக்கின்றன.

இந்தப் பண்பாட்டு வேலை எப்படி இருக்கும் என்பதற்குக் கடலுக்கு அப்பால் ஒரு பழைய உதாரணம் உண்டு. இலங்கையின் மத்திய மலைநாட்டில் 2,243 மீட்டர் உயரத்தில் நிற்கிறது சிவனொளிபாதமலை. உச்சியில் இருக்கும் பாதச்சுவடு பௌத்தருக்குப் புத்தருடையது, சைவருக்குச் சிவனுடையது, முஸ்லிம்களுக்கு ஆதமுடையது. மார்கழியை ஒட்டி வரும் பௌர்ணமியிலிருந்து வைகாசிப் பௌர்ணமி வரை பருவம். ராத்திரியெல்லாம் ஏறி விடியலுக்கு உச்சியில் நிற்பதுதான் முறை. மஸ்கெலியா, நல்லதண்ணிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் மலையகத் தமிழருக்கு அது தினமும் கண்ணில் படும் மலை, தங்கள் மலை.

அந்த ஏற்றத்தில் செய்ய வேண்டிய சின்னச் சின்னக் கடமைகள் பல. வழியில் ஓடும் குளிர்ந்த ஆற்றில் முகம் கழுவிக்கொள்ள வேண்டும். இந்திகட்டுபான என்ற இடத்தில் ஊசியில் நூல் கோத்து விட்டுச்செல்ல வேண்டும். புத்தர் தம் சீவரத்தைத் தைத்த இடம் அது என்பது ஐதிகம். ஏறுகிறவரும் இறங்குகிறவரும் ஒருவரையொருவர் வாழ்த்திக்கொள்ள வேண்டும். உச்சியில் ஒரு மணி தொங்கும். அதை இஷ்டத்துக்கு அடிக்கக்கூடாது. எத்தனையாவது தடவை ஏறியிருக்கிறீர்களோ அத்தனை தடவை மட்டும் அடிக்க வேண்டும். முதல் தடவை வந்தவர் ஒரே ஒரு தடவை அடித்துவிட்டு நகர்வார். பல்லெல்லாம் போன கிழவர் ஒருவர் நின்று அடித்துக்கொண்டே இருந்தால் சுற்றியிருப்பவர்கள் மௌனமாகி எண்ணுவார்கள். காசு, பதவி, வி.ஐ.பி. தரிசனம் எதுவும் அந்த மணிக்கு முன்னால் செல்லாது.

தமிழ்நாட்டுக்குள்ளேயும் ஒரு மலை உண்டு. கொடைக்கானல் ஏறும் வழியில் பெருமாள்மலையில் 1996-இல் தொடங்கியது போதி ஜென்டோ என்ற தியான மையம். அதைத் தொடங்கிய ஆமா சாமி ஓர் இயேசு சபைத் துறவி. பர்மாவில் பிறந்த தமிழர். ஜப்பானின் காமகுராவில் யமதா கோஉன் என்ற ஜென் குருவிடம் பயின்று, 1982-இல் கற்பிக்கும் உரிமை பெற்றவர். கத்தோலிக்கப் பாதிரியார் ஒருவர் பழனி மலைத்தொடரில் ஜென் பௌத்தம் கற்றுக்கொடுப்பது தமிழ் மண்ணில் நடந்திருக்கிறது என்பதே பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கும். அங்கே கொடியோ உருளையோ இல்லை. பாயில் முதுகு நிமிர்ந்து உட்கார வேண்டும். மூச்சை எண்ண வேண்டும். மணி அடித்தால் எழுந்து மெல்ல நடக்க வேண்டும். மறுபடி உட்கார வேண்டும். காய் நறுக்குவதும் தரை கூட்டுவதும் தோட்ட வேலையும்கூடத் தியானத்தின் பகுதி. ஜென் மரபு உடலுழைப்பைத் தியானத்துக்குச் சமமாக வைத்தது. அந்தச் சமத்துவம் தொழிற்பேட்டைக்காரருக்கு எளிதில் புரியும்.

இங்கே ஒரு சந்தேகம் எழும், எழவும் வேண்டும். ‘மைண்ட்ஃபுல்னெஸ்’ என்ற பெயரில் கம்பெனிகளுக்கு வகுப்பெடுத்துச் சம்பாதிக்கும் ஒரு தொழிலே இப்போது நடக்கிறது. வருஷத்துக்கு ஒரு நாள் யோகா தினம், ஒரு நாள் மனஅழுத்தப் பயிற்சி, மற்ற நாட்களில் அதே டார்கெட். இது தியானத்தின் பேரில் நடக்கும் ஏமாற்று. தூக்கம் கெட்டவரைப் பார்த்து, மூச்சைக் கவனி, எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்வது, பசித்தவனுக்கு ஏப்பம் விடப் பயிற்சி கொடுப்பது மாதிரி. மணிமேகலை காப்பியத்தில் பௌத்தத் துறவி கையில் முதலில் வந்தது அமுதசுரபி. பசியைத் தீர்த்துவிட்டுத்தான் அறம் பேசினாள். பிரார்த்தனைக்கு முதலில் வேண்டியது நேரம். அது தொழிலாளியிடம் இல்லையென்றால் மற்ற பேச்செல்லாம் வீண்.

அந்த நேரம் போராடிப் பெற்றது. வாரத்துக்கு 48 மணி நேரம், வாரம் ஒரு நாள் லீவு என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வரம்பு கட்டியது. 2023 ஏப்ரல் 21-இல் தமிழ்நாடு சட்டப்பேரவை, நாளொன்றுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழிவிடும் திருத்தத்தை நிறைவேற்றியது. வாரக் கணக்கு 48-தான், நாலு நாள் வேலை, மூன்று நாள் லீவு என்று விளக்கம் சொன்னார்கள். தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்ததில், மே 1-ஆம் தேதி அந்த மசோதா திரும்பப் பெறப்பட்டது. அதை எதிர்த்தவர்கள் கூலியையும் உடம்பையும் நினைத்துத்தான் போராடினார்கள். காத்துக்கொடுத்தது அதைவிடப் பெரிது. மனிதர் தன்னோடு உட்காரும் நேரமும் அதில் அடக்கம்.

இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் அரசு விடுமுறை. போயா தினம் என்பார்கள். அன்றைக்கு வெள்ளை உடுத்தி, எட்டுச் சீலம் ஏற்று, பொழுதெல்லாம் விகாரையில் கழிப்பவர் பலர். மதத்தை மாநிலச் சட்டத்தோடு கலக்கச் சொல்லி இந்த உதாரணம் சொல்லவில்லை. மாதத்துக்கு ஒரு நாள் சும்மா உட்கார்வதை ஒரு நாடே பொறுத்துக்கொள்கிறது, அதனால் அதன் பொருளாதாரம் அன்றைக்கு இடிந்துவிழவில்லை என்பதற்காகச் சொல்வது.

உட்காரக் கற்றுக்கொள்ள விபாசனா தியான முகாம்களும் நல்லவைதான். கட்டணம் கிடையாது. சென்னையிலும் பெங்களூரிலும் மையங்கள் உண்டு. ஆனால் பத்து நாள் பேசாமல் இருக்க வேண்டும். கான்ட்ராக்டில் இருப்பவர் பத்து நாள் லீவு போட்டுவிட்டுத் திரும்பினால் அவர் இடத்தில் வேறொருவர் நிற்பார். ஞாயிற்றுக்கிழமை ஓசூர் பஸ் ஏறி மெஜஸ்டிக்கில் இறங்கினால், பக்கத்துக் காந்தி நகரில் 1956-இல் ஆசாரிய புத்தரக்கித நிறுவிய மகாபோதி சங்கம் இருக்கிறது. அது கைக்கெட்டும் தூரம். ஒடேயர்பாளையா வருஷத்துக்கு ஒரு தடவை போய்வரும் தூரம். தினப்படி வேண்டியது இந்த ஊரிலேயே, இந்த மலையிலேயே வேண்டும்.

ஒடேயர்பாளையாவுக்குப் போகிறவர்கள் சில மரியாதைகளை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. உருளையையும் ஸ்தூபியையும் வலமாகவே சுற்ற வேண்டும். மந்திரம் எழுதிய கொடியையும் காகிதத்தையும் தாண்டவோ மிதிக்கவோ கூடாது. சன்னிதியைப் பார்த்துக் கால் நீட்டி உட்காரக்கூடாது. பாடம் ஓதும் குட்டித் துறவிகள் காட்சிப் பொருள் அல்ல, படம் எடுக்கக் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும். மாலையில் நீளக் கொம்பும் பறையும் முழங்கும் நேரத்தில் ஓர் ஓரமாக உட்கார்ந்தால் யாரும் எழுந்திருக்கச் சொல்ல மாட்டார்கள். பேச்சு புரியாது. அந்த ஒலிக்குள் உட்கார்ந்திருக்க மொழி தேவையுமில்லை.

சுற்றுவதும் விழுந்து வணங்குவதும் தண்ணீர் வைப்பதும் விளக்கேற்றுவதும் தமிழருக்குப் புதிதல்ல. அடிப்பிரதட்சணம், அங்கப்பிரதட்சணம், 365 படிக்கும் பூசை செய்யும் திருத்தணிப் படித்திருவிழா என்று உடம்பால் செய்யும் வழிபாட்டுக்கு நம்மிடம் குறைவே இல்லை. குறைந்துபோனது சும்மா இருக்கும் பகுதி. பிரகாரத்தில் உட்கார்ந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்று பாட்டிகள் சொன்னது அதைத்தான். இப்போது பல மலைக்கோயில்களில் உட்கார இடம் கிடைத்தால் அமைதி கிடைப்பதில்லை. ஒலிபெருக்கிப் பாட்டு, அறிவிப்பு, பார்க்கிங் சீட்டு விசில் என்று ஒன்றன் மேல் ஒன்றாக வந்துகொண்டே இருக்கிறது. எட்டு மணி நேரம் இயந்திரச் சத்தத்தில் இருந்துவிட்டு வருகிறவருக்கு இன்னொரு இயந்திரச் சத்தத்தில்தான் சாமி கிடைக்கிறார்.

ஆகவே இந்து சமய அறநிலையத் துறைக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் ஒரு கோரிக்கை. ஓசூர் சந்திரசூடேஸ்வரர் மலையில் தினமும் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் ஒலிபெருக்கியை நிறுத்துங்கள். ஷிஃப்ட் விடும் நேரத்தை ஒட்டி அந்த மணி நேரம் அமையட்டும். ஊரைப் பார்த்தபடி உட்கார வசதியான ஒரு மண்டபத்தை, எந்த மதத்தவரும் எந்த மொழிக்காரரும் வந்து உட்காரலாம் என்று சொல்லித் திறந்துவிடுங்கள். வாசலில் தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி நான்கிலும் எழுதி ஒரு பலகை வையுங்கள். குடிக்க ஒரு பானைத் தண்ணீர் வையுங்கள். புதுக் கட்டடம் வேண்டாம், டெண்டர் வேண்டாம், திறப்பு விழாவும் வேண்டாம். ஒலிபெருக்கியின் சுவிட்சை அணைக்க ஓர் உத்தரவு போட்டால் போதும்.